பாயின்ட் செவன் அளந்த கிள்ளான் கடை

பிரிக்பீல்ட்ஸில் பாயின்ட் செவனிடம் குறைந்த மார்க் வாங்காத மனிதன் கிடையாது, கடை கிடையாது, நாய்கூடக் கிடையாது. நாயை நான் சும்மா சேர்க்கவில்லை. ரயில் பாதைப் பக்கம் படுத்துக் கிடக்கும் ஒரு கறுப்பு நாயைப் பார்த்து, "இது சாப்பிடுற சாப்பாட்டுக்கு இன்னும் கொஞ்சம் குலைக்கலாம்" என்று அவர் சொன்னதை என் இரண்டு காதாலும் கேட்டிருக்கிறேன்.

அவருக்கும் அப்பா அம்மா ஆசையாக ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அது யாருக்கும் தெரியாது. ஆலைகளின் உற்பத்தித் திறனை அளக்கும் ஏதோ ஓர் அரசாங்க இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அரசாங்கம் அவருக்கு ஓய்வு கொடுத்தது. அவர் எங்களுக்குக் கொடுக்கவில்லை. எதைப் பார்த்தாலும் ஒன்றுக்கு இவ்வளவு என்று மார்க் போடுவார். ஒன்று வாங்கினால் முழுத் திறமை. ஆனால் யார் தலைகீழாக நின்றாலும் புள்ளி ஏழைத் தாண்ட மாட்டார்கள். அதனால்தான் அந்தப் பெயர். முகத்துக்கு நேரே 'அங்கிள்', முதுகுக்குப் பின்னால் 'பாயின்ட் செவன்'.

நான் வேலை பார்ப்பது ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடையின் மாடியில், கணக்குப் பிரிவில். பிரிவு என்றால் நானும் ஒரு மின்விசிறியும். பிரிக்பீல்ட்ஸ், பெட்டாலிங் ஜெயா, செராஸ், சுங்கை பூலோ, கிள்ளான் என்று எங்கள் தவுக்கேவுக்கு, அதாவது முதலாளிக்கு, ஐந்து கடைகள். பாயின்ட் செவன் கல்யாணம் ஆகாதவர். கடைக்குப் பின்னால் இருக்கும் பிளாட்டில் தனியாகக் குடியிருந்தார். மத்தியானச் சாப்பாடு தினமும் எங்கள் கடையில்தான். நானும் அந்த நேரத்தில்தான் கீழே இறங்கிச் சாப்பிடுவேன். என் ஜாதகத்தில் அப்படி எழுதியிருந்தது.

ஒரு நாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "இந்த மார்க் எல்லாம் எப்படிப் போடுறீங்க அங்கிள்?" என்று கேட்டுவிட்டேன். மனிதர் இலையில் இருந்த சோற்றை ஒரு பக்கம் ஒதுக்கினார். ரசத்தைத் தொட்டுக் குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு போட்டார். முட்டைக்கோஸ் பொரியலில் இருந்து துண்டு துண்டாக எடுத்து இங்கொன்றும் அங்கொன்றுமாக வைத்தார்.

"இது ஒவ்வொன்னும் ஒரு கடைம்மா. இந்தப் பக்கம் போகப்போக, கடைக்குள்ள போற ஆளு, சாமான், கேஸ். மேல போகப்போக, வெளிய வர்ற சாப்பாடு. சரியா?"

"சரி."

"இப்ப பாரு." மேல் ஓரத்தில் இருந்த துண்டுகளை மட்டும் தயிரால் ஒரே கோடாக இணைத்தார். "இதுதான் ஃப்ரான்டியர். கையில இருக்கிற சாமான வச்சு இதுக்கு மேல எவனும் செஞ்சு காட்டல. கோட்டு மேல இருக்கிறவன் கெட்டிக்காரன், அவனுக்குத்தான் முழுசா ஒன்னு. கோட்டுக்குக் கீழ எவ்வளவு தள்ளி நிக்கிறானோ, அவ்வளவு வீணாக்குறான்."

விளக்கம் முடிந்ததும் கெட்டிக்காரன், வீணாக்குறவன் எல்லாரையும் சோற்றோடு சேர்த்துப் பிசைந்து சாப்பிட்டுவிட்டார்.

இந்தக் கோட்டை வைத்துக்கொண்டு அவர் படுத்திய பாடு இருக்கிறதே! தெருவில் இருந்த முடிதிருத்தும் கடைகளை அளந்தார். எத்தனை பிளேடு உள்ளே போகிறது, எத்தனை தலை வெளியே வருகிறது, நடுவில் எவ்வளவு அரசியல் பேசுகிறார்கள் என்று ஒவ்வொரு கடையிலும் போய் உட்கார்ந்து குறித்தார். அவருக்கோ முழு வழுக்கை. முடி வெட்ட வராத மனிதர் தினமும் வந்து நாற்காலியை அடைத்துக்கொண்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? கடைசியில் ஒருவர், "அங்கிள், உங்களுக்கு ஃப்ரீயா தலைய தேய்ச்சு விடுறேன், தயவுசெஞ்சு போயிடுங்க" என்று கும்பிட்டார்.

கோயில் அன்னதானத்தில், சாம்பார் ஊற்றுகிறவருக்கு முன்னால் கூட்டு வைக்கிறவர் நடக்க வேண்டும், அப்போதுதான் வரிசை வேகமாக நகரும் என்று நடுப்பந்தியில் எழுந்து நின்று சொன்னார். ஒரு தொண்டர் கரண்டியை ஓங்கிக்கொண்டே வந்தார். பாயின்ட் செவன் ஓடும்போதும் திரும்பிப் பார்த்து, "நீ ஓடுற நேரத்துக்கு பத்து பேருக்கு ஊத்தலாம்லா!" என்று கத்திவிட்டுத்தான் ஓடினார்.

நான் வேலைக்குத் தாமதமாக வந்தால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. "எல்ஆர்டி ரயில் நின்னுடுச்சு அங்கிள்" என்றால், "அது உன் தப்பு இல்ல, அது அதிர்ஷ்டக் கணக்கு, கழிச்சிடறேன்" என்பார். உடனே என் கையைப் பார்ப்பார். "ஆனா அந்த வடைய வாங்க நின்ன பாரு, அது சோம்பேறித்தனம். இது ரெண்டையும் பிரிச்சுப் பாக்கத் தெரியணும். அதுதான் இந்தக் கணக்கோட அழகு." எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வடையை அவர் வாயிலேயே திணித்திருப்பேன். பசியாக இருந்ததால் நானே தின்றேன்.

இதோடு நின்றிருந்தால் கதை சிரிப்போடு முடிந்திருக்கும். எங்கள் தவுக்கேதான் வினையை விலைக்கு வாங்கினார். வியாபாரம் டல், ஐந்து கடையில் ஒன்றை மூடினால்தான் மற்ற நான்கும் மூச்சு விடும் என்று அவருக்கு யாரோ ஓதியிருக்கிறார்கள். எதை மூடுவது என்று தெரியவில்லை. கல்லாவில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தவர் கண்ணில், இலையில் தயிர்க்கோடு போட்டுக்கொண்டிருந்த பாயின்ட் செவன் பட்டார்.

"அங்கிள், என் அஞ்சு கடையையும் அளந்து சொல்றீங்களா?"

பாயின்ட் செவனுக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம். இலாகாவில் இருந்தவரை அவர் எழுதிக் கொடுத்த அறிக்கையை ஒருவர்கூடப் படித்ததில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார். முதல் தடவையாக ஒரு மனிதர் கேட்டிருக்கிறார்.

ஒவ்வொரு கடையாகப் போனோம். போனோம் என்றால் அவர் அளக்க, நான் பின்னாலேயே பையைத் தூக்க. கிள்ளானுக்கு ரயிலில் போனோம். அந்தக் கடையை நடத்துவது பாக்கியம் அக்கா. தவுக்கே முதல் கடை திறந்த காலத்திலேயே சேர்ந்தவர். வயது அறுபதை நெருங்குகிறது, குரல் மட்டும் இன்னும் இளமை. நாங்கள் தெருமுனையில் திரும்பும்போதே கேட்டது.

"டேய், ரொட்டிய வீசச் சொன்னா என் மூஞ்சில வீசுறியே! மணிக்கட்டுடா, மணிக்கட்ட திருப்பு!"

உள்ளே போனால் கோலம் சொல்லி மாளாது. தமிழ்நாட்டில் இருந்து வந்து இறங்கிய புது ஆள் ஒருவர் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் வீசிக்கொண்டிருந்தார். மாவு ஒரு தடவை வரைபடத்தில் இருக்கும் பகாங் மாநிலம் மாதிரி விரிந்தது, ஒரு தடவை ஜொகூர் மாநிலம் மாதிரி கிழிந்தது. இன்னொரு புது ஆள் தே தாரிக் இழுத்தார். இரண்டு குவளைக்கும் நடுவே டீயை உயரத் தூக்கி ஆற்ற வேண்டிய வேலை. டீ தரைக்குப் போனது. மூன்றாவது ஆள் பார்சல் குழம்பைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி முடிச்சுப் போட, முடிச்சு மட்டும் அவர் கையில் நின்றது.

பாயின்ட் செவன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு எல்லாவற்றையும் குறித்தார். மாவு வீண், டீ வீண், குழம்பு வீண்.

"எல்லாம் புதுசா வந்த பசங்க, அங்கிள். கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்றார் அக்கா, முகத்தைத் துடைத்துக்கொண்டே.

"புதுசோ பழசோ, வீண் வீண்தான்மா" என்றார் இவர்.

பெட்டாலிங் ஜெயா கடைக்குப் போனபோது அவர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ரொட்டி தட்டாமாலை சுற்றி நிலாவைப் போல வட்டமாக விழுந்தது. டீ அந்தரத்தில் நின்றது. பார்சல் கட்டுகிறவர் பக்கத்தில் இருந்தவரோடு பேசிக்கொண்டே கட்டினார். "இதான்மா ஃப்ரான்டியர். இவனுங்கதான் கோடு" என்று என் தோளைத் தட்டினார். தட்டிய வேகத்தில் நான் வைத்திருந்த மைலோ என் மேல் கொட்டியது.

அறிக்கை வந்தது. பெட்டாலிங் ஜெயா, அதிசயமாக, கோட்டின் மேல். செராஸ் கோட்டை உரசிக்கொண்டு. பிரிக்பீல்ட்ஸுக்கும் சுங்கை பூலோவுக்கும் வழக்கமான புள்ளி ஏழு. கிள்ளான் அதற்கும் எவ்வளவோ கீழே, பாதாளத்தில். தவுக்கே ஒரே பார்வையில் முடிவு செய்துவிட்டார். "கிள்ளான மூடிடலாம்லா, மாலா. நீயே போய் பாக்கியத்துக்குச் சொல்லிடு."

பெரிய மனிதர்கள் எப்போதும் இப்படித்தான். முடிவு அவர்களுடையது, ரயில் ஏறுவது நாம்.

நான் போய்ச் சொன்னபோது பாக்கியம் அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கையில் இருந்த மாவை வழித்து வழித்துத் தட்டில் போட்டுக்கொண்டே இருந்தார். "இத்தன வருஷமா நான் சரியா நடத்தலையாம்மா?" என்றார். பிறகு அவரே, "தவுக்கே சொன்னா சரியாத்தான் இருக்கும். இந்த வயசுல என்னை வேற எந்தக் கடையில சேத்துக்குவாங்க?" என்று கேட்டார். ரயிலில் வரும் வழி எல்லாம் பாயின்ட் செவன் மேல் எனக்குக் கொலைவெறி வந்தது.

மறுநாள் அவர் சாப்பிட வந்தபோது, பரிமாறுகிறவர்களிடம் இரண்டாவது தடவை ரசம் ஊற்றக்கூடாது என்று சொல்லிவிட்டேன். ரசம் இல்லாமல் அவர் கோடு போட முடியாமல் தவித்ததைப் பார்த்து எனக்குப் பரம திருப்தி.

"என்னம்மா கோபம்?"

"ஒரு பொம்பள வயித்துல அடிச்சிட்டு எப்படி அங்கிள் சோறு இறங்குது உங்களுக்கு?"

"நான் அடிக்கலம்மா. கணக்கு சொல்லுது" என்றார். ஆனால் அப்பளத்தைத் தொடாமல் எழுந்துபோனார். அவர் அப்பளத்தை மிச்சம் வைத்து நான் பார்த்ததே இல்லை.

அன்று மாலை எனக்குப் போன் வந்தது. பெட்டாலிங் ஜெயா கடையில் இருந்து பேசினார். கோட்டு மேல் நிற்பவர்களின் ரகசியத்தைக் கேட்டு எழுதினால் பாக்கியம் அக்காவுக்கு உபயோகமாக இருக்கும், கடையையும் காப்பாற்றலாம் என்று மனிதர் கிளம்பிப் போயிருக்கிறார்.

"மாலா, நான் பெரிய முட்டாள்மா."

"எத்தன பாயின்ட் அங்கிள்?" என்றேன். கோபம் இன்னும் போகவில்லை.

"விளையாடாதம்மா. டீ இழுக்கிறவன்கிட்ட எங்கடா கத்துக்கிட்டன்னு கேட்டேன். கிள்ளான்ல பாக்கியம் அக்கா மண்டையில கொட்டிக் கொட்டிச் சொல்லிக் கொடுத்துச்சுங்கிறான். ரொட்டி போடுறவனும் கிள்ளானு. பார்சல் கட்டுறவனும் கிள்ளானு. செராஸுக்குப் போன் பண்ணேன். அங்கயும் எல்லாரும் கிள்ளானு! என் ஃப்ரான்டியரே கிள்ளான்ல செஞ்சதும்மா!"

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. கிள்ளான் கடைக்கு மேலே தங்குமிடம் இருக்கிறது. அதனால் புதிதாக வருகிற எல்லாரையும் தவுக்கே அங்கேதான் தள்ளுவார். கை பழகியதும், "நல்ல ஆளா ரெண்டு பேர அனுப்பு" என்று மற்ற கடைக்கு எடுத்துக்கொள்வார். அக்காவிடம் மிஞ்சுவது மறுபடியும் கிழிகிற ரொட்டி. இது ஊருக்கே தெரிந்த விஷயம். அதை ஒரு வேலை என்று நாங்கள் ஒருவரும் நினைத்ததில்லை, அக்காவும் சேர்த்து.

"சாப்பாட்ட மட்டும் எண்ணிட்டேன்மா. அந்தம்மா ஆள செஞ்சு அனுப்புறத எண்ணல" என்றார். போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

மறுநாள் காலையில் பாயின்ட் செவன் தவுக்கே முன்னால் போய் நின்றார். தவுக்கே லேசுப்பட்ட ஆளா? "கணக்கு பொய் சொல்லாதுன்னு நீங்கதானே சொன்னீங்க, அங்கிள்? கடைய எடுத்துக்க ஆளும் வந்தாச்சு. போன் கடை வைக்கப் போறாரு ஒரு சீன பாஸ். வெள்ளிக்கிழமை பேசி முடிக்கிறோம்."

"கணக்கு பொய் சொல்லல. நான் அரைகுறையா எண்ணிட்டேன். தப்பு என்னுது" என்றார் பாயின்ட் செவன். அந்த வாயில் இருந்து அந்தச் சொல் வந்ததைக் கேட்டு, கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தவர் எண்ணிக்கையை விட்டுவிட்டார்.

"அதெல்லாம் முடியாது, அங்கிள்."

"சரி, ஒன்னே ஒன்னு செய்யுங்க. கிள்ளான மூடிட்டா புது ஆளுங்க எப்படியும் வேற கடைக்குத்தானே போகணும்? இந்த வாரம் வர்ற மூணு பேரையும் இப்பவே பெட்டாலிங் ஜெயாவுக்கு அனுப்புங்க. அதுதானே உங்களோட நல்ல கடை."

செலவில்லாத யோசனை என்பதால் தவுக்கே தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை அந்தச் சீன பாஸைக் கௌரவமாக உபசரிக்க, தவுக்கே தன் நல்ல கடைக்கே அழைத்துப்போனார். கணக்குக்கு நானும் கூட. ஓரத்து மேசையில் பாயின்ட் செவன் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆள் எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

கூட்டம் அலை மோதியது. பழைய ஆட்கள் தங்கள் வேலையையும் பார்த்துக்கொண்டு, புது ஆட்களையும் பார்க்க முடியாமல் விழி பிதுங்கி நின்றார்கள். முதலில் வந்த ரொட்டியில் பெரிய ஓட்டை. சீன பாஸ் ஓட்டை வழியாகத் தவுக்கேயைப் பார்த்துச் சிரித்தார். நல்ல மனிதர். அடுத்து தே தாரிக். தவுக்கே சும்மா இருந்திருக்கலாம். "இங்க வந்து இழுத்துக் காட்டுப்பா" என்று புது ஆளை மேசைக்கே கூப்பிட்டார். அந்த ஆள் பக்கத்து ஆளைப் பார்த்துக் கையை உயரத் தூக்கினார். டீ நேராகப் பாஸின் வெள்ளைச் சட்டைக்குப் போனது.

"தாக் அப்பா, தாக் அப்பா" என்று மலாயில் பரவாயில்லை சொல்லிக்கொண்டே பாஸ் எழுந்தார். தவுக்கேவுக்கு வியர்த்துவிட்டது. சமாதானமாக வீட்டுக்கு நண்டுக் குழம்பு பார்சல் கட்டிக் கொடுக்கச் சொன்னார். மூன்றாவது புது ஆள் கட்டினார். கார் கதவு சாத்தியது. கார் நகரவில்லை. ஒரு நிமிஷம் கழித்துக் கதவு திறந்தது. பாஸின் கால்சட்டை, இருக்கை, எல்லாம் நண்டு. இந்தத் தடவை அவர் தாக் அப்பா சொல்லவில்லை. சீன மொழியில் என்னவோ சொன்னார். அர்த்தம் எல்லாருக்கும் புரிந்தது.

தவுக்கே நடைபாதையில் நின்றபடி, "நேரம் சரியில்ல, கெட்ட நேரம்" என்று முனகினார்.

பாயின்ட் செவன் எழுந்து வந்தார். "டீ தரைக்குப் போகாம சட்டைக்குப் போனது கெட்ட நேரம். அத கழிச்சிடலாம். ரொட்டியும் நண்டும் கெட்ட நேரம் இல்ல, தவுக்கே. அது பாக்கியம் இல்லாத நேரம்."

தவுக்கே கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். பிறகு போனை எடுத்தார். "பாக்கியம், மூணு பேர அனுப்புறேன். நீயே வச்சுக்க. ஆமா, கடையையும்தான்." அந்தப் பக்கம் அக்கா என்ன சொன்னார் என்று தெரியவில்லை. தவுக்கே தலையைக் குனிந்துகொண்டு, "சரி சரி, அழாத" என்றார்.

அந்த மூவரையும் அன்று சாயங்காலமே நான்தான் ரயிலில் கூட்டிப்போனேன். மூவரும் தூக்குத் தண்டனைக் கைதிகள் மாதிரி வந்தார்கள். பாக்கியம் அக்கா வாசலில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். நண்டுக் கதை எங்களுக்கு முன்னாலேயே அங்கே வந்துவிட்டிருந்தது. "நீங்கதானா அது?" என்று மூவரையும் ஏற இறங்கப் பார்த்தார். "சாப்பிட்டீங்களாடா?" என்றார். மூன்று இலையைப் போட்டார்.

பாயின்ட் செவன் அறிக்கையைத் திருத்தி, பழகி வெளியே போகிற ஆட்களுக்கும் ஓர் இடம் கொடுத்து, மறுபடி கோடு போட்டார். நேரில் சொல்ல வேண்டும் என்று கிள்ளானுக்கே போனார். "உங்க கடைதான்மா கோடு. முழுசா ஒன்னு வாங்கியிருக்கீங்க" என்றார், கல்யாணப் பத்திரிகை கொடுக்கிற முகத்தோடு.

"ஒன்னா?" அக்காவுக்கு மூக்கு சிவந்துவிட்டது. "நூத்துக்கு ஒன்னா? இதுக்கு அன்னைக்குப் போட்டதே மேல் போல இருக்கே!"

அதை விளக்கி முடிப்பதற்குள் அவருக்கு இரண்டு இலை தேவைப்பட்டது.

இப்போது பாயின்ட் செவன் எங்கள் கடையில் சாப்பிடுவதில்லை. பிளாட்டை விட்டு இறங்கினால் கடை, அதை விட்டுவிட்டு முழங்கால் வலியோடு ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போகிறார். புது ஆள் வந்தால் அவர் மேசைக்குத்தான் முதலில் அனுப்புவார்கள். கேட்டது வராது, வந்ததைச் சாப்பிடுவார். மார்க் போடுவதே இல்லை. எனக்குப் பொறுக்காமல், "இவ்வளவு தூரம் போய் மேல டீ ஊத்திக்கிட்டு வர்றதுல என்ன அங்கிள் திறமை இருக்கு?" என்று கேட்டேன்.

"யார் மேலயாவது ஊத்தித்தானேம்மா பழகணும்? கஸ்டமர் மேல ஊத்தினா அக்காவுக்குத்தானே கெட்ட பேரு" என்றார், பெரிய கணக்கு சொல்வது போல.

தீபாவளிக்கு அவருக்கு ஒரு சட்டை எடுத்துக் கொடுத்தேன். கிள்ளானுக்கு மட்டும் இதைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அதைப் போட்டுக்கொண்டுதான் போனார். திரும்பி வரும்போது நெஞ்சில் பெரிய டீக் கறை. அதைக் கையால் மறைத்தபடி என்னைப் பார்க்காமல் தன் பிளாட் படியேறப் பார்த்தார். திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். வரவில்லை. அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடித்துப் போயிருந்தது. "கழட்டிக் குடுங்க அங்கிள், துவைச்சுத் தரேன்" என்றேன்.